பேச்சுக் குழல்

இந்த மணியின் தலையில் விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், தாணுமாலயன் பேச்சை நிறுத்திவிடுவார். அவ்வளவு ஒழுங்கான மனிதர். ஆளுக்கு இருபது நிமிடம், முடியப்போகும்போது ஒரு மஞ்சள் சீட்டு, முடிந்ததும் மணி. கருத்தரங்கில் அமர்வுத் தலைவருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் இவ்வளவுதான், அது இன்றைக்கு என் கையில் இருக்கிறது. கழுத்தில் ஒரு பொன்னாடை, முன்னால் ஒரு மைக், திறக்காத தண்ணீர் பாட்டில், துறைத்தலைவர் அருளப்பன் காலையில் பயபக்தியோடு கொண்டுவந்து வைத்த மஞ்சள் சீட்டுக் கட்டு. பாளையங்கோட்டை வெக்கையில் மின்விசிறிக்குக் கீழே அறுபது பேர் உட்கார்ந்து, இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பனிக்காலத்து ராத்திரிகளில் யார் யாரை எப்படிக் காதலித்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கெல்லாம் வேறு சோலி கிடையாதா என்று என் தங்கை கேட்பாள். கிடையாது. எனக்கு முப்பது வருஷமாக வேறு சோலி கிடையாது, அமெரிக்கச் சமூக வரலாறுதான், போன மே மாதம் ஓய்வு பெற்ற பிறகும் அதுதான். தலைவர் நாற்காலியில் ஒரு சங்கடம் இருக்கிறது. பேசுகிறவரின் முகம் தெரியாது, பக்கவாட்டில் காது மட்டும்தான் தெரியும். அவருடைய காதில் இப்போது நரைமுடி வளர்ந்திருக்கிறது. சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு ஒன்றுக்கு இரண்டாக விழுந்திருக்கிறது. மனைவி போய் நாலு வருஷமாக அவரே போட்டுக்கொள்ளும் இஸ்திரி. அந்த இரண்டாவது மடிப்பைப் பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைக்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

காலையில் விருந்தினர் விடுதியில் இட்லி சாப்பிடும்போது கேட்டுவிட்டார். எதிரே உட்கார்ந்து, இட்லிப் பொடியில் எண்ணெய்க்குக் குழி தோண்டிக்கொண்டே கேட்டார். "மகன் ஒரேயடியா அமெரிக்காவுக்கே வந்துருங்கன்னு நிக்கான். நாளைக்கு சென்னையில விசாவுக்குக் கூப்பிட்டிருக்கு. நான் போகட்டா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க சௌந்தரி." மேடம் என்று சொல்லவில்லை. முப்பது வருஷமாக மேடம் போட்டுப் பேசுகிற மனிதர் சௌந்தரி என்றார். ஞானசௌந்தரி என்கிற நான் என்ன செய்தேன்? சாம்பார் வாளியை எடுத்து நீட்டி, "சாம்பார் ஊத்தட்டுமா சார்?" என்றேன். அவர் வாளியைப் பார்த்தார். பிறகு சொன்னார், "கட்டுரை வாசிச்சு முடிச்சதும் கார் ஏறிருவேன். அதுக்குள்ள சொல்லிருங்க. அதுக்கப்புறம் நான் கேக்கமாட்டேன், நீங்களும் சங்கடப்பட வேண்டாம்." ஊற்றுங்கள் என்று தட்டையும் நகர்த்தினார். நானும் ஊற்றினேன், இட்லி மிதக்கிற அளவுக்கு ஊற்றினேன். அறுபது வயதில் ஒருத்தி இப்படியா பேந்தப் பேந்த விழிப்பாள். சாம்பார் ஊற்றட்டுமா. அந்த வாக்கியம் காலையிலிருந்து காதுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இரண்டு வார்த்தை வேண்டுமென்றால் போக வேண்டாம். அதைவிடச் சாம்பார் ஊற்றட்டுமா என்பது நீளம். கார் வாசலில் வேப்பமரத்து நிழலில் நிற்கிறது. அவருடைய பெட்டி அதற்குள் ஏற்றியாகிவிட்டது.

இப்போது பேச்சுக் குழலுக்கு வந்துவிட்டார். குரல் கொஞ்சம் இறங்குகிறது. அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துப் பக்கத்துக் கிராமங்களில், குளிர்காலத்தில் வீடு முழுக்க ஒரே அறையில்தான் அடுப்பு எரியும். பெண்ணைப் பார்க்க வருகிற பையன் அந்த அறையில்தான் உட்கார வேண்டும். பெண்ணின் அப்பா அங்கே இருப்பார், அம்மா இருப்பாள், தம்பி தங்கைகள் இருப்பார்கள், பூனையும் இருக்கும். இவன் அடுப்புக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அதனால் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான, உள்ளே துளையிட்ட ஒரு மரக்குழலைச் செய்துகொண்டார்களாம். ஒரு முனையில் அவன் வாயை வைத்துச் சொல்வான், மறுமுனையில் அவள் காதை வைத்துக் கேட்பாள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். குடும்பம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும், ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்காது. பின்வரிசையில் பெண்கள் கிளுகிளுவென்று சிரிக்கிறார்கள். சிரியுங்கள் அம்மா, உங்கள் கையில் போன் இருக்கிறது. எங்கள் புத்தகத்துக்காக இதற்குத் தமிழில் பேர் வைக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் சண்டை போட்டோம். காதல் குழல் என்று வையுங்கள், அதுதானே விஷயம் என்றேன். அவர் பேச்சுக் குழல் என்று வைத்தார். காதலை எங்கே சார் தொலைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "மாணவர்கள் படிக்க வேண்டியதாக்கும்" என்றார். நாகர்கோவில்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஓர் ஆக்கும் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் இன்றைக்கு அவர் கட்டுரை வேறு எங்கோ போகிறது. இந்தக் குழலைப் பற்றிப் பிற்காலத்துக்காரர்கள் ஆசையாக எழுதியதுதான் அதிகம், பயன்படுத்தியவர்களே எழுதிவைத்தது தன் கண்ணில் படவில்லை என்கிறார். அப்படியே பயன்படுத்தியிருந்தாலும் அதற்குள் என்ன பேசியிருப்பார்கள் என்று கேட்கிறார். என்ன பேசியிருப்பார்கள். நான் தலையைக் குனிந்து பொன்னாடை ஓரத்து ஜரிகையை நகத்தால் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஹைதராபாத் நூலகத்தில் நாங்கள் என்ன பேசினோம். அப்போது அவருக்கு முப்பது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்கு இருபத்தொன்பது, நிச்சயமாகவில்லை, பின்னாலும் ஆகவில்லை. ஆராய்ச்சி உதவித்தொகையில் மூன்று மாதம் போயிருந்தோம், வேறு வேறு கல்லூரியிலிருந்து. தமிழ் பேச அந்தக் கட்டடத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான். மைக்ரோஃபிலிம் என்கிற நுண்படச் சுருளைப் பார்க்கிற யந்திரங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், நடுவில் ஓர் ஒட்டுப்பலகைத் தடுப்பு. பழைய அமெரிக்கப் பத்திரிகைகளும் நாட்குறிப்புகளும் அந்தத் திரையில் கலங்கலாக ஓடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் சுருளைச் சுற்றுகிற சத்தம் கேட்கும், அவர் நிறுத்தினால் ஏதோ கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வாசிப்பறையில் பேசக் கூடாது. அதனால் புத்தகம் கேட்டு எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டில் எழுதித் தடுப்புக்குக் கீழே தள்ளுவோம். "டீ?" என்று ஒன்று வரும். "வெளியே மழை" என்று நான் ஒன்று தள்ளுவேன். "ஓஹியோவில் ஒரு பெண் மூன்று பேரை வேண்டாம் என்றிருக்கிறாள்." "நாலாவது ஆள் யார்?" "சுருள் முடிந்துவிட்டது." மூன்று மாதமும் இப்படித்தான். ஊருக்குக் கிளம்புகிற நாளைக்கு முந்தின நாள் ஒரு சீட்டு வந்தது, மடித்து வந்தது, அதுவரை மடித்து வந்ததே இல்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. இப்போது நினைத்தாலும் அடிக்கிறது, இதோ இந்த மேடையில், தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு அடிக்கிறது. பிரித்தால், "ரயிலுக்குத் தயிர்சாதம் வாங்கட்டுமா?" என்று இருந்தது. இரண்டு பேரும் சாப்பாட்டு ஆட்கள்தான் போலிருக்கிறது. முக்கியமான இடம் வந்தால் ஒருத்தர் தயிர்சாதம் என்பார், ஒருத்தி சாம்பார் என்பாள். அவர் வீட்டில் சைவச் சாப்பாடு, மாமனாராக வரப்போகிறவர் கோவில் அறங்காவலர். என் அப்பா இதே ஊரில் கிறிஸ்தவச் சபை ஊழியர். அந்தத் தயிர்சாதச் சீட்டில் வேறு என்ன எழுதியிருக்க முடியும் என்று என் அறிவு சொல்லும். நான் அந்த மூன்று மாதத்தைத்தான் இன்னும் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அப்புறம் சனிக்கிழமைகள். சனிக்கிழமை சாயங்காலம் வேலையெல்லாம் முடித்து, முகம் கழுவி, நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போன் வரும். முகம் எதற்குக் கழுவுகிறேன், போனில் முகமா தெரிகிறது. செத்துப்போன அமெரிக்கர்களைப் பற்றிப் பேசுவோம். ஐஸ் வண்டிக்காரன் எந்தக் கதவு வழியாகச் சமையல்கட்டுக்குள் வருவான், ஊஞ்சல் பலகையை வீட்டு முன்வாசலில் எப்போது மாட்ட ஆரம்பித்தார்கள், வாடகை விடுதிகளில் சாப்பாட்டு மேசையில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரலாம். மனைவி இருந்த நாளில் அந்த அம்மாளும் நடுவில் வாங்கி, "நல்லா இருக்கீங்களா, மழை உண்டா?" என்று கேட்பார்கள். நல்ல மனுஷி. அவர்கள் போன பிறகும் போன் வந்தது, பேச்சு ஒரு சொல்கூட மாறவில்லை, நடுவில் மழை கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தரும் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. பனி எவ்வளவு குளிரும் என்று தெரியாமலே பனிக்காலத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறோம், அட்டையில் இரண்டு பேர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது. இப்போது அவர் மட்டும் போய் நிஜப் பனியில் நின்றால்? கையுறை போட்ட மனிதராக மாறி, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கடையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினால்? அங்கே இருந்தும் கூப்பிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கூப்பிடலாம். எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஆகும்போது அவருக்குக் காலை, மருமகள் அடுப்படியில் இருப்பாள், பேரன் ஷூ தேடுவான். முதலில் வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு படம். இல்லை, பயம் இதுவும் இல்லை. அமெரிக்கா என்னத்துக்கு, சனிக்கிழமை என்னத்துக்கு. எனக்கு அவர் வேண்டும். பக்கத்து நாற்காலியில் வேண்டும், அந்த இஸ்திரி மடிப்பைத் தண்ணீர் தெளித்து நான் சரிசெய்ய வேண்டும். சொல்லியாகிவிட்டது, மனசுக்குள்தான் சொல்லியிருக்கிறேன், பாழாய்ப்போன மனசுக்குள் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வெளியே வருகிறபோது அது சாம்பாராகிவிடுகிறது.

அருளப்பன் முதல் வரிசையிலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். சீட்டுக் கொடுக்கிற நேரம். "5 நிமிடம்" என்று அவரே கையால் எழுதிவைத்த சீட்டு மேலே இருக்கிறது, அதற்கு அடியில் "முடிக்கவும்", அதற்கும் அடியில் எழுதாத சீட்டுகள். நான் மேல் சீட்டை எடுக்கிறேன், வைக்கிறேன். அடியிலிருந்து எழுதாத சீட்டு ஒன்றை உருவுகிறேன். என்ன செய்கிறாய் சௌந்தரி. அறுபது பேர். முதல் வரிசையில் பிஷப் அலுவலகத்திலிருந்து வந்த ஒருத்தர்கூட இருக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், யாருக்கும் கேட்காது. தலைவர் எழுதுகிறார், நேரத்தைத்தான் எழுதுவார் என்று நினைப்பார்கள். பேனா மூடியைப் பல்லால் கழற்றுகிறேன், அதையும் அருளப்பன் பார்க்கிறார். "போக வேண்டாம். என்னோடு இருங்கள்." எழுதிவிட்டேன். இரண்டாவது வாக்கியத்தை எழுத வேண்டும் என்று நினைக்கவேயில்லை, கை எழுதிவிட்டது. மறுபடி படித்தால் கிழித்துவிடுவேன், படிக்காதே. எழுந்து ஓர் எட்டு, கையை நீட்டி, அவர் கட்டுரைத் தாளுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். விரல் அவர் விரலில் படவில்லை, பட்ட மாதிரி இருக்கிறது. திரும்பி வந்து உட்காருகிறேன். காது மட்டும் தெரிகிறது. அந்தக் காதையே பார்க்கிறேன்.

தாணுமாலயன் சீட்டைப் பார்க்காமலே அதன் மேல் கையை வைத்தார், தாளுக்கு அடியில் தள்ளினார், என் பக்கம் அரைத் திருப்பம் திரும்பித் தலையசைத்தார். "சரிங்க மேடம், முடிச்சிருதேன்" என்றார். ஐயோ. மஞ்சள் சீட்டை எந்தப் பேராசிரியர் படித்திருக்கிறார். நான் படித்திருக்கிறேனா? எத்தனை கருத்தரங்கில் எத்தனை தலைவர்கள் எனக்குச் சீட்டு வைத்திருப்பார்கள், மஞ்சள் நிறம் கண்ணில் பட்டால் தலையை ஆட்டிவிட்டு அடியில் தள்ளுவதுதான் எங்கள் பழக்கம். சீட்டு என்றால் நேரம், நேரம் என்றால் அவசரம், யார் எழுத்தைப் பார்ப்பார்கள். அவர் இரண்டு பக்கங்களைச் சேர்த்துத் திருப்புகிறார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியம் செய்தேன், அதனால் பாவம் அவருடைய கட்டுரையில் இரண்டு பக்கம் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் அழுதுவிடுவேன், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்கிறேன். கடைசிப் பக்கத்தை வாசிக்கிறார். குழல் கையில் இருந்தவர்களும் வானிலையையும் மாட்டையும் பாலையும் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்கிறார். குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயில் வருவது அதுதான் என்கிறார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக, "ஆகவே, இந்தக் குழலின் வழியே யாரும் யாரிடமும் முக்கியமான எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதே என் முடிபு" என்று வாசித்து நிறுத்தினார். கைதட்டினார்கள். இது அமெரிக்காவைப் பற்றிய கட்டுரைதானா. ஒருவேளை அவர் காலையில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு இந்த வாக்கியத்தைச் சேர்த்திருப்பாரோ. இல்லை, தட்டச்சு செய்த தாள். ரொம்ப நாளாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தாளுக்கு நடுவில் மஞ்சள் முனை ஒன்று எட்டிப் பார்க்கிறது. மைக்கில் நன்றி சொல்லி, அடுத்த கட்டுரையாளர் ஜெபக்கனியை அழைக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண், அமெரிக்க அஞ்சல்வழிக் கடைகளின் விலைப்பட்டியல் படங்களைப் பற்றிப் பேசப்போகிறாள். என் குரல் சரியாகத்தான் வருகிறது. அந்தப் பெண் ஆரம்பிக்கிறாள், அடுப்பு, தையல் யந்திரம், தபாலில் வருகிற சவப்பெட்டிக் கைப்பிடி. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். வாசல் கதவருகே டிரைவர் வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், இவர் வருகிறேன் என்று கை காட்டுகிறார். நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றுகிறார். எழுந்துவிடுவார். வீட்டுக்குப் போய், சென்னைக்குப் போய், என்றைக்காவது இந்தத் தாள்களைப் புரட்டும்போது பார்ப்பார். நியூஜெர்ஸியில் ஒரு மேசையில் பார்ப்பார், நான் அப்போது இங்கே முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேண்டாம். கையை நீட்டி மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்துகிறேன். "சார், சீட்டைப் படிங்க." "பாத்துட்டேன் மேடம், அஞ்சு நிமிஷம்னுதானே போட்டிருந்தீங்க. முன்னாலயே முடிச்சிட்டேன்லா." "தாணு சார். படிங்க."

உருவி எடுத்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். படித்து முடிக்க இவ்வளவு நேரம் ஆகாது. நான் ஜெபக்கனியைப் பார்க்கிறேன், ஜெபக்கனியைத்தான் பார்க்கிறேன், அவள் சொல்கிற தையல் யந்திரத்தின் ஒரு பாகம்கூட என் மண்டையில் ஏறவில்லை. ஓரக்கண்ணில் அவர் கை தெரிகிறது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிறது. எனக்குப் பதில் எழுதப்போகிறார், வருந்துகிறேன் என்று எழுதுவார், மகன் என்று எழுதுவார், வயது என்று எழுதுவார், அழகான கையெழுத்தில் எழுதுவார். ஆனால் அவர் சீட்டில் எதுவும் எழுதவில்லை. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கட்டுரையைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார், கடைசி வாக்கியத்துக்குப் போனார், ஆகவே என்ற சொல்லிலிருந்து முடிபு என்ற சொல் வரைக்கும் ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தப் பக்கத்தை எனக்குத் தெரிகிற மாதிரி மேசையில் திருப்பி வைத்தார். முப்பது வருஷமாக அவரைத் தெரியும், அச்சுக்குப் போகிற ஒரு முடிவை அவர் அடித்து நான் பார்த்ததில்லை. என் பக்கம் குனிந்தார். "பெட்டி கார்ல இருக்கு. இறக்கிட்டு வந்துருதேன்" என்றார். எழுந்து, மேடைப் படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கி, அறுபது பேருக்கு நடுவில் நடந்து, வாசலில் டிரைவரின் தோளில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது, ஒன்றும் தெரியவில்லை. ஒரு பெட்டியை இறக்க எவ்வளவு நேரம் ஆகும். கனமான பெட்டியா, சக்கரம் வைத்ததா, நான் பார்க்கவில்லையே. கார் கிளம்புகிற சத்தம் கேட்கிறது, கேட் வரைக்கும் போய்த் தேய்கிறது, பெட்டியை இறக்கிவிட்டுப் போகிறதா, அவரையும் ஏற்றிக்கொண்டு போகிறதா, இங்கிருந்து யார் கண்டது. அருளப்பன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார், இப்போது இரண்டு முறை தட்டுகிறார். ஜெபக்கனிக்கு நேரம் முடிந்துவிட்டது, அவளுக்கே தெரிந்துவிட்டது, சீட்டு வருமென்று என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பேசு தாயே, உன் தையல் யந்திரத்தை எடுத்து முதலிலிருந்து சொல். அவர் வந்து இந்த நாற்காலியில் உட்காருகிறவரை நான் மணி அடிக்கப்போவதில்லை.